கார்க் கண்ணாடியும் வளையல் கையும்

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பொன்னையா கார் ஓட்டி வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். காருக்கு முன்கண்ணாடி கிடையாது! இறம்பொடை வளைவில் ஒரு லாரிச் சக்கரம் தெறிக்கவிட்ட கல்லில் அது தூள்தூளாகிவிட்டது. அன்றிலிருந்து தூறல், பனி, பூச்சி எல்லாம் நேரே அவர் மீசையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அதற்காக அந்தக் காரை விட்டுவிட அவருக்கு மனம் வருமா? சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தாழ்ந்த கூரை. இங்கிலாந்துக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் ஆசை ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் பொருந்தும் கண்ணாடி கொழும்பில் இரண்டுதான் இருந்தன. இரண்டையும் வைக்கோல் சுற்றி ரயிலில் வரவழைத்தார்.

அதில் ஒன்றை வெள்ளிக்கிழமை குத்திப் பொருத்தும்போது மெக்கானிக் மாயாண்டி உடைத்துவிட்டார்.

மாயாண்டி அட்டன் கடைத்தெருவில் கராஜ் திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் சாரா உம்மாவின் வளையல் கடை. மாயாண்டியின் மகள் மீனம்மாவும் சாரா உம்மாவின் மகள் அசீசாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சண்டை போட்டாலும் பத்து நிமிடம் தாங்காது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் மீனம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வளையல் கடைக்கு வந்தாள்.

"இந்தக் கண்ணாடியும் உடைஞ்சா கராஜ மூடிட்டு கண்டிக்கே போயிருவோம்னு அப்பா சொல்லிட்டாங்க, அசீசா. பழைய மொதலாளிகிட்டயே வேலைக்குப் போறாங்களாம்."

மீனம்மா இல்லாத பெஞ்சா? அசீசா தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினாள்.

அங்கே மாயாண்டி கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதைக் காரின் முன்பக்கத்தில் பொருத்திப் பிடித்திருந்தார். பொன்னையா குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மாயாண்டி முஷ்டியை ஓங்கினார்.

"மாமா, அடிக்காதீங்க!" என்று அசீசா கத்தினாள்.

"அடிக்காம எப்படிம்மா உள்ள போகும்? குளிருல ரப்பர் கட்டையா கெடக்கு. எத்தனை லாரிக்கு இந்தக் கையால கண்ணாடி போட்டிருக்கேன் தெரியுமா?"

"தீபாவளிக்கு எங்க உம்மா தோட்டத்து அக்காமாருக்கு வளையல் போடுறத பாத்திருக்கீங்களா? கொழுந்து கிள்ளி காய்ச்சுப்போன கை. ஆனா சின்ன வளையல்தான் வேணும்னு நிப்பாங்க. உம்மா வளையலைத் தள்ளவே மாட்டாங்க. சோப்பு தடவி, கையில பட்டுத்துணி சுத்தி, துணி நுனிய வளையலுக்குள்ள விட்டு இழுப்பாங்க. வளையல் தானா ஏறிரும்."

"இது காரு, புள்ள. கையில்ல."

பொன்னையா மெல்லக் கனைத்தார். "உங்க வழியில ஒண்ணு போயிருச்சு. புள்ள சொல்றதையும் பாத்துருவோமே."

மாயாண்டியின் முகம் சிவந்தது. ஆனாலும் நகர்ந்து வழிவிட்டார்.

அசீசா கடையிலிருந்து சோப்பும் பட்டுத்துணியும் கொண்டு வந்தாள். ரப்பரின் ஓரத்தில் உதடு போல ஒரு மடிப்பு இருந்தது. அது காரின் தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்வ வேண்டும். மீனம்மா சோப்பு நீரைத் தடவ, அசீசா துணியை மடிப்புக்குள் திணித்து இழுத்தாள்.

டர்ர்! துணி கிழிந்தது.

"நாந்தான் சொன்னேனே" என்றார் மாயாண்டி.

அசீசாவுக்கு அழுகை முட்டியது. உம்மாவின் பட்டுத்துணியும் போச்சு. கிழிசலை உற்றுப் பார்த்தாள். துணி மொத்தமாகச் சுருண்டு மாட்டியிருந்தது. மெல்லிசாக, ஆனால் அறுந்து போகாததாக ஒன்று வேண்டும்.

"வளையல் கோத்து வர்ற கயிறு!" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள்.

கயிற்றுக்கும் சோப்பு தடவினார்கள். மடிப்பைச் சுற்றிக் கயிற்றைப் பதித்து, இரண்டு நுனியையும் காருக்குள் தொங்கவிட்டார்கள். அசீசா உள்ளே ஏறி மண்டியிட்டு ஒரு நுனியை மெல்ல இழுத்தாள். வெளியே மாயாண்டி கண்ணாடியைத் தாங்கிப் பிடித்தார்.

டப். ஒரு விரல் நீளத்துக்கு மடிப்பு புரண்டு உள்ளே வந்தது!

"வருது அப்பா, வருது!" என்று மீனம்மா குதித்தாள்.

டப், டப், டப். மூன்று பக்கம் முடிந்தது. கடைசி மூலையில் கண்ணாடி 'கிரீச்' என்றது. பொன்னையா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பழக்க தோஷம், மாயாண்டியின் முஷ்டி தானாக உயர்ந்தது.

"மாமா! வளையல் போடுற மாதிரி!"

மாயாண்டி முஷ்டியை விரித்தார். உள்ளங்கையால், குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல, மெதுவாக அழுத்தினார். அசீசா இழுத்தாள்.

டப்!

கயிறு முழுவதும் அசீசாவின் மடிக்கு வந்துவிட்டது. கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மாயாண்டி மூன்று முறை தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

"கண்ணத் தொறங்க ஐயா" என்றாள் மீனம்மா.

பொன்னையா ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்தார். குடையைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டுக் காரில் ஏறினார். தூறலிலேயே கடைத்தெருவை நான்கு முறை சுற்றி வந்தார். மீசையில் ஒரு சொட்டு விழவில்லை.

மாயாண்டி அசீசாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "உங்க உம்மாகிட்ட கேளு புள்ள. ஒருநாள் நான் வந்து கடையில உக்காந்து வளையல் போடுறத பாக்கலாமான்னு."

சாயங்காலம் மீனம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நாங்க போகல! கண்டிக்குப் போக கட்டி வெச்ச மூட்டையெல்லாம் அம்மா ஒவ்வொண்ணா அவுக்குறாங்க. ஆனா எந்த மூட்டையில அரிசிப்பானையக் கட்டினாங்கன்னு அவங்களுக்கே தெரியலயாம். வா அசீசா, தேடலாம்!"