இணங்குடுப்பு

தெய்வசிகாமணி காலைக் காப்பியை உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடித்தார். முகம் இடது முழங்காலைப் பார்த்து மடிந்து கிடக்கும்போது டம்ளரை எங்கே தூக்குவது? கோயம்புத்தூரில் இப்போது பாதிப் பேர் இப்படித்தான். பேருந்தில் ஒருவர் கூரையைப் பார்த்தபடி பயணச்சீட்டு வாங்குவார், இன்னொருவர் அக்குளுக்குள் பேசுவார். வலி என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

"மூச்சு எப்படி இருக்குதுங்க?" என்றாள் அவர் மனைவி, டாக்டர் மரகதம்.

"நல்லாத்தான்... இருக்குது. சும்மா... நோண்டாத."

தசைப்பிடிப்பை இளக்க இவர்கள் எல்லோரும் அணிந்திருந்த, பேசவும் தெரிந்த இணங்குடுப்புக்குக் கைப்பக்குவம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பிடித்துக்கொண்ட தசையை எதிர்த்து இழுக்கக் கூடாது. அது போக விரும்பும் பக்கமே இன்னும் கொஞ்சம் கொண்டுபோய்ப் பேசாமல் பிடித்திருந்தால் தானாக இளகிவிடும். அதன்பின் மெல்லப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அதற்கு மீட்பு என்று பெயர், அப்போது சற்று வலிக்கும். சோதனைக்கு வந்தவர்கள், "சுகமா இருக்குது டாக்டர், இப்படியே விட்டுருங்க" என்று கெஞ்சினார்கள். பாவம் பார்த்து, அணிபவர் விரும்பினால் மட்டுமே மீட்பு என்று விதி வைத்துவிட்டாள். யார்தான் விரும்புவார்கள்?

அந்த இரக்கம் இப்போது அவள் வீட்டுக்காரரின் நெஞ்சை நசுக்கிக்கொண்டிருந்தது. இந்த வாரம் நிமிர்த்தாவிட்டால் விலா எலும்புகள் அப்படியே இறுகிவிடும், அப்புறம் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று நுரையீரல் மருத்துவர் சொல்லிவிட்டார். கட்டாய மீட்புக்கு ஆணையிடும் உரிமை மரகதத்துக்கு இருந்தது. அவர் உடுப்பின் கழுத்துப்பட்டையில், ஆணைக்கு அமுத்த வேண்டிய இடத்தில், கட்டைவிரலை வைத்தாள். உடுப்போடு சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தாள்.

"சரியான முடிவுங்க டாக்டர்," என்றது உடுப்பு. "அவரு சம்மதமெல்லாம் எதுக்கு? கையைக் காலைக் கட்டிப் போட்டாவது நிமித்திரலாம்."

"கட்டறதெல்லாம் வேண்டாம்."

"வேணுங்க. கத்துவாரு. உங்க பேரைச் சொல்லி அழுவாரு. நீங்க காதுலயே வாங்கக் கூடாது."

"மரகதம்... வேண்டாம் கண்ணு," என்றார் தெய்வசிகாமணி, முழங்காலைப் பார்த்தபடியே.

"பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சுட்டாரு. அமுத்துங்க. மயக்கம் போட்டாலும் நான் நிறுத்த மாட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பண்ணிராத!"

உடுப்பு பதில் சொல்லவில்லை. காத்திருந்தது. மரகதத்தின் தோள்கள் தாமாகத் தாழ்ந்தன. இன்றைக்கேதான் செய்ய வேண்டுமா? அவரிடம் பக்குவமாகப் பேசிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொண்டால் என்ன? விரல் பட்டையிலிருந்து நழுவியது.

அப்போதுதான் அந்த மௌனத்தை அடையாளம் கண்டுகொண்டாள். விரலுக்கடியில் தசை இளகும்வரை அவள் எத்தனையோ பேரிடம் காத்திருந்த அதே மௌனம்.

"என் பிடிவாதத்தையும் அது போற பக்கமே இழுத்து இளக்கிட்டியா?" என்றாள்.

"ரொம்ப இறுகி இருந்ததுங்க. இப்ப எப்படி இருக்குது?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நாள்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, வெட்கக்கேடாக, சுகமாக இருந்தது. எதிரே தெய்வசிகாமணி காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"பழைய பிடிவாதத்துக்கே உங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகட்டுங்களா டாக்டர்?" என்று உடுப்பு பணிவாகக் கேட்டது. "கொஞ்சம் வலிக்கும். நீங்க விரும்பினா மட்டும்."

மரகதம் கணவரைப் பார்த்தாள்.

"அப்புறம் பாக்கலாம்," என்றாள்.