செலின் பார்த்த முகம்

நாற்காலிகள் இடம் மாறியிருந்தன.

மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை வில்லியனூர்ப் பக்கமிருந்து டாக்டர் உலகநாதனின் ஜீப் வரும். கோயிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய பள்ளி அறையைத் திறப்பார்கள். செலின் கட்டிலில் படுப்பாள். கை கால்களில் ரப்பர் பட்டை கட்டுவார்கள். அவள் இருதயம் துடிப்பதை மெஷின் கட்டம் போட்ட தாளில் கோடாக எழுதும். அது முடியும்வரை அம்மா அன்னாமேரி வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். பதினாறு முறை அப்படித்தான் நடந்தது. இன்று கட்டில் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. அறையின் நடுவில் இரண்டு நாற்காலிகள், முழங்கால் இடிக்கும் தூரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி.

"நீயும் உட்காரு," என்றார் டாக்டர்.

"நான் இன்னாத்துக்கு சார்? வெளிய நிக்கிறேனே."

"நீ எதிர்ல இருந்தா புள்ள அமைதியா இருப்பா. போன தடவை நீதானே சொன்னே?"

சொல்லியிருந்தாள். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தாள்.

டிரைவர் தங்கவேல் செலினின் கணுக்காலில் பட்டையை இறுக்கினான். "இன்னா மகாராணி, இன்னிக்கு சிம்மாசனமா?"

"காது கேக்காத புள்ளகிட்டதான் உன் வாயி."

"கேக்கறவங்க யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்களே, அக்கா."

அன்னாமேரி சிரித்தாள். அதைப் பார்த்து செலினும் சிரித்தாள்.

ஏழு வயது. பிறந்ததிலிருந்து செவிடு. இவளுக்கு முன் பிறந்த இரண்டும் அப்படித்தான். மூத்தவனை நாய் ஒன்று பாய்ந்து மிரட்டியது, கடிக்கக்கூட இல்லை. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது, மாதா திருவிழாவில் தலைக்கு மேல் வாணம் வெடித்துப் பூவாகச் சிதறியபோது, அதைப் பார்த்த கண்களோடு மல்லாந்து விழுந்தது. பேய் அடித்தது என்றார்கள் ஊரில். டாக்டர்தான் காரணம் சொன்னார். கோயில் கல்யாணப் புத்தகத்திலிருந்து நான்கு தலைமுறையைப் பிரதி எடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செவிட்டுக்குக் கறுப்பு, செத்ததற்குக் குறுக்கே ஒரு கோடு. அன்னாமேரி அத்தை மகன் யாகப்பனைக் கட்டிக்கொள்ள பிஷப்பிடம் உத்தரவு வாங்கிய தேதிகூட அதில் இருந்தது. ஒரே ரத்தம் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்ததால் காதும் இருதயமும் சேர்ந்து பழுதாகிறது என்றார். திடீரென்று பயந்தால் இருதயம் தாளம் தப்பும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அன்னாமேரி வீட்டில் பயத்தை நுழையவிடவில்லை. பின்னாலிருந்து பிள்ளையை யாரும் தொடக்கூடாது. விளக்கை மெல்லத் தூண்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. எது நடந்தாலும் செலின் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த முகம் சிரித்தால் எதுவும் இல்லை என்று அர்த்தம். ஒருநாள் கூரையிலிருந்து பாம்பு விழுந்தபோது அன்னாமேரி சிரித்துக்கொண்டே, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து 'ஒண்ணுமில்ல' என்று காட்டி, பிள்ளையை மெல்ல வெளியே அழைத்துப்போனாள். போன முறை டாக்டரிடம் அதைத்தான் சொன்னாள்.

"நீ போய் டீ குடிச்சிட்டு வாப்பா," என்று டாக்டர் தங்கவேலை அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

அறையில் ஸ்பிரிட் வாசனையும் பழைய சாக்குக்கட்டித் தூசியும் வௌவால் எச்சத்தின் காரமும் கலந்து கிடந்தன. தூரத்து வயலில் பம்புசெட் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுச் சந்தில் இறங்கிய மத்தியான வெயில் ஒரு கோலாகத் தரையில் ஊன்றி நின்றது. டாக்டர் செலினின் முதுகுக்குப் பின்னால், மெஷினுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து அவரைப் பிள்ளையால் பார்க்க முடியாது. அன்னாமேரிக்கு மட்டும் தெரிந்தார்.

"நாலு நாளா மாத்திரை குடுக்கலதானே?"

"நீங்க சொன்னீங்கன்னு குடுக்கல சார். நாலு ராவா தூங்காம அவ மூச்சையே பாத்துக்கினு கெடக்கறேன். அந்த மாத்திரையாலதான் எட்டு மாசமா மயக்கமே வரல."

"அதான்," என்றார். மெஷினின் விசையைத் தட்டினார். தாள் நகரும் சத்தம், பல்லி ஓடுவதுபோல. "பதினாறு தாள் வச்சிருக்கேன், அன்னாமேரி. எல்லாம் நல்லா இருக்கும்போது எழுதினது. விழும்போது எழுதினது ஒண்ணுகூட இல்ல. அது இருந்தாத்தான் நான் எழுதறதை வெளிநாட்டுல நம்புவாங்க."

புரிய ஒரு கணம் ஆனது. கால்கள் தாமாகத் தரையை அழுத்தின.

"எழுந்திரிக்காதே. திடீர்னு நீ எழுந்தா அவ பயந்துடுவா. உனக்கே தெரியும்."

தெரியும். அவள் அசையவில்லை. செலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னாமேரி சிரித்தாள்.

"சார், வேணாம் சார்," என்றாள், சிரித்துக்கொண்டே. "உங்க காலுல வுழறேன் சார். இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

"சின்ன மயக்கம்தான். ஊசி தயாரா இருக்கு." குரலில் கோபமோ அவசரமோ இல்லை. "உன் வயித்துல மூணு மாசம் இல்ல? அதுவும் இப்படித்தான் பொறக்கும்."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. செலின் கால்களை ஆட்டினாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வர்ற வழியில மில்லு வாசல்ல கும்பலா நின்னாங்க. யாகப்பன் காலை ஷிப்டுதானே?"

பம்புசெட் அடித்தது.

"பெல்ட்டுல சிக்கிட்டான். கை இந்தப் பக்கம் கெடந்தது. உனக்கு யாரும் வந்து சொல்லலியா?"

அவள் சிரித்தாள்.

"உசிரு இருக்கா சார்?"

"இல்ல."

அலறல் ஏறி வந்தது. பல்லைக் கடித்து அதை அடக்கினாள். கடித்த பல் வெளியே தெரிந்தது. கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது. துடிப்பை நிறுத்த இன்னும் அகலமாகச் சிரித்தாள். கண் நிறைந்தது. இமைத்தால் கொட்டிவிடும். இமைக்கவில்லை. சிரி. சிரி. இது ஒன்றுதான் கையில் இருக்கிறது. சிரி.

செலினின் கால்கள் நின்றன.

பிள்ளை மெதுவாக உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். ஒண்ணுமில்லையா?

அன்னாமேரி தன் நெஞ்சில் கையை வைத்தாள். கை தடதடவென்று அடித்துக்கொண்டது. செலின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். இமைக்காத கண்களை, ஈறு தெரிய இழுத்துக் கட்டிய வாயை, அடங்காமல் விரிந்துகொண்டே போகிற அந்தச் சிரிப்பை. இது அம்மாவின் சிரிப்பு இல்லை. அம்மாவே இல்லை.

செலின் நாற்காலியின் முதுகோடு ஒட்டிப் பின்வாங்கினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

மெஷினின் முள் பித்துப் பிடித்ததுபோல் ஆடியது. தாள் பூராவும் முட்காடு.

"ஆகா," என்றார் டாக்டர் தணிந்த குரலில். தாளின் மேல் குனிந்தார். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

"ஊசி போடுங்க சார்."

"இரு."

தாள் தரையில் சுருள் சுருளாக இறங்கியது. முட்கள் சிறுத்தன. அலையாயின. பிறகு ஒரே நேர்கோடு. அதுவும் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாகப்பன் நல்லாத்தான் இருக்கான்," என்றார், தலையைத் தூக்காமல். "சும்மா சொன்னேன்." பேனாவைத் திறந்து தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தார்.

செலின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்கள் திறந்தே இருந்தன. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி.

பிள்ளை பார்க்கிறாள். பயந்துவிடக்கூடாது.

அன்னாமேரி சிரித்துக்கொண்டிருந்தாள்.