ஏழாம் தூணின் சாட்சி

பல்கலைக்கழகத்தின் புதிய நூலகத்துக்கு அன்று மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. மதியம் இரண்டு மணிக்கு அதன் நிலவறைப் படிகளில் ஓர் ஆராய்ச்சி மாணவியும் லேப் டெக்னீஷியனும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கட்டடத்தைத் தாங்கும் எட்டுத் தூண்களில் ஏழாம் எண் மட்டும் சோதிக்கப்படாமல் கிடந்தது. அதைச் சுற்றி அடுக்கியிருந்த அலமாரிகளை அன்று காலையில்தான் நகர்த்தியிருந்தார்கள்.

எதையும் உடைக்காமல், அறுக்காமல், உள்ளே என்ன கோளாறு என்று சொல்வதுதான் அவர்களுடைய ஆய்வு மையத்தின் தொழில். மாணவி ஆறு வருடமாக அங்கே முனைவர் பட்டத்துக்குப் பாடுபடுகிறாள். கண்ணில் படுவதையெல்லாம் தட்டிப் பார்ப்பாள்: சுவர், மேசை, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த ஜூனியரின் மண்டை. அதனால் மையம் முழுக்க அவளுக்குத் தட்டம்மை என்று பெயர். டைரக்டரை மட்டும் தட்டிப் பார்த்ததில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்பது கருவி இல்லாமலே தெரிகிறதே என்பாள்.

நிலவறையில் பாதி விளக்குகள்தான் எரிந்தன. புதுப் பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

"கான்கிரீட் போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சேண்ணே. இன்னும் ஈரச் சிமெண்ட் வாசனை அடிக்குது."

"மூக்குக்கெல்லாம் ரிப்போர்ட்ல இடம் கிடையாதும்மா. சென்சாரை ஒட்டு."

தூணின் நான்கு பக்கமும் நான்கு சென்சார்கள். கான்கிரீட்டுக்குள் மயிரிழை விரிசல் விட்டாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்து, அது எங்கே பிறந்தது என்று கணினியில் புள்ளி வைத்துவிடும். ஆனால் முதலில் அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகத்திலேயே எளிமையான முறை ஒன்று இருக்கிறது. பென்சில் முனையைத் தூண்மேல் வைத்து ஒடிப்பது.

தட்டம்மை மூன்று முறை ஒடித்தாள். கணினியில் மூன்று புள்ளிகள்.

பிறகு நான்காவது.

"நீங்க ஒடிச்சீங்களாண்ணே?"

"பென்சில் உன் கைல இருக்கும்மா."

அதற்குள் ஐந்தாவதும் ஆறாவதும் வந்திருந்தன. அவள் இரண்டே முறை ஒடித்துவிட்டு நிறுத்தினாள். அவளுடைய இரண்டு புள்ளிகள் விழுந்தன. பிறகு நிதானமாக, பதிலுக்கு இரண்டு. அவள் ஒடித்தவை தூணின் மேற்பரப்பில் இருந்தன. மற்றவை தூணின் நட்ட நடுவில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்.

அல்ட்ராசவுண்டுக் கருவியை எடுத்துத் தூணின் மேல் ஓட்டினாள். திரையில் சாம்பல் நிறக் கான்கிரீட். நடுவே கறுப்பாக ஒரு வெற்றிடம். முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் அளவு.

இன்னொரு முறை ஓட்டினாள்.

தலை நிமிர்ந்திருந்தது.

டெக்னீஷியன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்னிக்குச் சாம்பிள் எடுக்க வந்திருந்தேன். ஒரு ஆளைக் காணோம்னு தேடினாங்க," என்றார் மெல்ல. "பிள்ளையைத் தூக்கிட்டுச் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்னு காண்ட்ராக்டர் சொன்னாரு."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"என்னை யாரும் கேக்கலம்மா."

மூன்று மணிக்கு டைரக்டர் புதுக் கோட்டும் வாடாத புன்னகையுமாக இறங்கி வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இரைச்சல்," என்றார். "த்ரெஷோல்டை ஏத்து."

த்ரெஷோல்டு என்பது கணினிக்குப் போடும் வேலி. நாற்பது டெசிபல் என்று வைத்தால் அதற்குக் கீழே வரும் சத்தத்தைக் கணினி கண்டுகொள்ளாது. வேண்டாததைக் கேட்காமலிருக்க விஞ்ஞானம் கண்ட வழி. டைரக்டர் தன் கையாலேயே அறுபதுக்கு ஏற்றினார். திரை துடைத்துவிட்டாற்போல ஆனது.

"பாத்தியா?"

ஒரு புள்ளி விழுந்தது. அறுபத்தொன்று.

எண்பதுக்கு ஏற்றினார்.

எண்பத்தொன்று.

தொண்ணூற்றொன்பதுக்கு ஏற்றினார். கருவியின் வேலி அவ்வளவுதான். அதற்கு மேல் இடமில்லை.

இப்போது கருவி தேவைப்படவில்லை. மூவர் காதிலும் விழுந்தது.

டொக்.

மேற்கூரையிலிருந்து பொடி உதிர்ந்து டைரக்டரின் புதுக் கோட்டில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டார். "விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். குறை எதுவுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"மேலே முந்நூறு பேர் உக்காரப் போறாங்க சார்."

"அதனாலதான் சொல்றேன்."

"கீழே ஒருத்தர் ஏற்கெனவே உக்காந்திருக்கார் சார்."

"உன் தீசிஸ் என் மேசைல இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோ."

"மறப்பேனா? ரெண்டு வருஷமா அங்கதானே இருக்கு. அதையும் நீங்க திறந்து பாக்கல."

படிவத்தை எடுத்தாள். எழுதினாள்: 'தூண் ஏழு. தேறவில்லை. உள்ளே ஆள் இருக்கிறார். உடைத்துப் பார்க்கவும்.' அந்த மையத்தின் வரலாற்றில் உடைக்கச் சொன்ன முதல் அறிக்கை அதுதான். கீழே கையெழுத்துப் போட்டாள்.

சாட்சி என்ற கட்டம் காலியாக இருந்தது. டெக்னீஷியனைப் பார்த்தாள். அவருடைய பணி நீட்டிப்பு அடுத்த வாரம் டைரக்டரிடம் வருகிறது. அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சாட்சி இல்லாத ரிப்போர்ட் வெறும் காகிதம்," என்றார் டைரக்டர். "யார் போடுவாங்க?"

யார் இறங்கி வந்தாலும் பார்க்கட்டும் என்று அவள் படிவத்தைத் தூணிலேயே டேப் போட்டு ஒட்டினாள்.

சாட்சிக் கட்டம் மெல்ல உப்பியது.

பின்பக்கத்திலிருந்து.

தாளில் ஈரம் ஊறியது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு சுழியும் தெளிவாக.

டைரக்டர் பாய்ந்து கிழித்தார். தூண் அங்கே வழவழப்பாக, உலர்ந்து இருந்தது. அவர் உள்ளங்கையில் மட்டும் ஈரச் சிமெண்ட். தட்டம்மை இன்னொரு படிவத்தில் அதையே எழுதி, கையெழுத்திட்டு ஒட்டினாள். மறுபடி உப்பியது. மறுபடி ரேகை.

"கிழிங்க சார்," என்றாள். "என்கிட்ட நூறு படிவம் இருக்கு. அவர் ஒன்றரை வருஷமாக் காத்திருக்கார். உங்களுக்கு நாலு மணிக்கு விழா. யாருக்கு அவசரம்னு பாத்துடலாம்."

டைரக்டர் கையை நீட்டினார். நடுவில் டெக்னீஷியன் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ரேகைக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார்.

"இப்பவும் யாரும் கேக்கலண்ணே," என்றாள் அவள்.

"தெரியும்மா. எழுது தேதியை."

டைரக்டர் தூணைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் போனை எடுத்தார். "விழா வேண்டாம். எல்லாரையும் வெளிய அனுப்புங்க. இடிக்கிற ஆளுங்களைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

அவர்களும் பெட்டிகளைத் தூக்கினார்கள். தட்டம்மை படிவத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டாள். பதிவாளர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பாதிப் படியில், வெயில் விழும் இடத்தில், தாள் கையில் கனப்பதுபோல் இருந்தது. நின்றாள்.

"என்னம்மா?"

அவள் தாளைக் காட்டினாள். தூண் இருபதடி தள்ளி, கீழே இருட்டில் இருந்தது. அவள் விரல்கள் தாளின் ஓரத்தை மட்டுமே பிடித்திருந்தன.

முதல் ரேகைக்குக் கீழே ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டைவிரல்.

மிகச் சின்னது.