ஷால் போட்ட நாற்காலி

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல.

ஆனால் காலையிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை என்பது சுகாசினிக்கு நன்றாகத் தெரியும். உட்கார இடமில்லாமல், எதிரே சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தபடி நாள் முழுக்க அவள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில், ஜன்னலோரம், தூணுக்குப் பின்னால் ஒதுங்கிய ஒற்றை இடம் அது. தேர்வு நெருங்கிவிட்டால் மாடியில் கால் வைக்க முடியாது. பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் பெண்கள் ஷாலைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஷால் கிடந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவள் சாப்பிடப் போயிருந்தாலும் சரி, சினிமாவுக்கே போயிருந்தாலும் சரி, அதில் கை வைக்கக் கூடாது. இந்த நாற்காலியில் மட்டும் பருவம் தொடங்கியதிலிருந்து ஒரு பச்சை ஷால் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரியை யாரும் பார்த்ததில்லை.

"யாருதுடி அது?" என்று காலையில் தோழி அனுவிடம் கேட்டிருந்தாள்.

"யாரோ பிஎச்டி அக்காவாம். சீட்டு போட்டுட்டு கல்யாணம் கட்டிக்கினு போயிட்டாங்களோ இன்னாவோ!" அனு சிரித்தாள். "நீ ஏன்டி அதையே மொறைச்சிக்கினு கீற? கை கிய் வச்சிடாத. வந்து கத்துனா யாரு பதில் சொல்றது?"

சுகாசினிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. நாளை அவளுடைய கடைசி அரியர். இதிலும் தவறினால் பட்டம் கிடையாது. படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஓரிக்கையில் இருக்கும் ஓரறை வீட்டிலோ, பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்காவின் குழந்தை விடிய விடிய அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றபடி படித்துப் பார்த்தாள். எழுத்துகள் மிதந்தன. யாரும் "கொஞ்சம் புடிச்சிக்கோம்மா" என்று கூப்பிடாத ஓர் இடம், முதுகு சாய ஒரு நாற்காலி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அனு டீ குடிக்கக் கீழே போனாள். சுகாசினி எழுந்தாள். பச்சை ஷாலை எடுத்து மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். யாராவது வந்து கேட்டால் தன் இடம்தான் என்று சாதிப்பதற்காக, கழுத்தைச் சுற்றியிருந்த தன் ஆரஞ்சு ஷாலைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தச் சூடு தெரிந்தது.

எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை. சூடு இதமாக இடுப்பில் ஏறி முதுகில் பரவியது. பழைய காகித வாசனையும், ஈரச் செருப்புகளின் ரப்பர் நெடியும், ஜன்னலுக்கு வெளியே ஏனாத்தூர் வயல்களின் சேற்று மணமும் ஒன்றாகக் கலந்து வந்து கண்ணை அழுத்தின. மின்விசிறி சுற்றும் சத்தம் மெல்லத் தொலைவுக்குப் போனது. எத்தனையோ நாள் கழித்து ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தாள். அடுத்த பக்கத்தையும். அதற்கடுத்த பக்கத்தைப் புரட்டும்போது தலை தானாகக் கவிழ்ந்தது.

விழித்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் பச்சை ஷால் இல்லை.

வந்து எடுத்துப் போய்விட்டாள்போல. எழுப்பித் திட்டவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு பெண் புத்தகங்களை அணைத்தபடி வந்து எதிரில் நின்றாள். சுகாசினியின் முகத்தை நேராகப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். "இங்கயும் சீட்டு போட்டுட்டுப் போயிருக்காங்கபா" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் சுகாசினி.

சத்தம் வரவில்லை.

கையைத் தூக்கினாள். மேசைமேல் கை இல்லை. அவளுடைய புத்தகம் மட்டும் திறந்து கிடந்தது. காற்றில் பக்கங்கள் படபடத்தன.

எழ முயன்றாள். எழுவதற்கு எதுவும் இல்லை. சூடு மட்டும் இருந்தது.

நூலக உதவியாளர் பூவராகவன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். "டைம் ஆயிடுச்சுமா, எல்லாரும் கிளம்புங்க." அவர் பின்னாலேயே அனு ஓடி வந்தாள்.

அனு. அனு. இங்கே பார்.

அனு தூணைச் சுற்றி வந்தாள். ஆரஞ்சு ஷாலைத் தொட்டாள். நாற்காலியில் உள்ளங்கையை வைத்தாள். "சூடா இருக்குது சார். இப்பதான் எழுந்து போயிருக்கா."

போகவில்லை. அனு, நான் போகவில்லை.

"அனு, வாடி. ஓரிக்கை பஸ்ஸு போயிடும்."

மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. சுகாசினியின் குரல். அதே அலுப்பு. அதே செல்லம். படியருகே நின்ற முகத்தை நிழல் மறைத்திருந்தது. தோளில் மட்டும் பச்சை தெரிந்தது. வெகுகாலம் உட்கார்ந்தே இருந்தவள்போல முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் கீறியா? எங்கெல்லாம் தேடறது உன்னை!" அனு சிரித்தாள். "ஷாலை வச்சிட்டியேடி. எடுத்துக்கினு வரட்டுமா?"

எடு. எடு அனு. எடுத்துவிடு.

அனுவின் விரல்கள் ஷாலைத் தூக்கின. ஒரு நொடி எல்லாமே இலேசாயிற்று.

"வேணாம், இருக்கட்டும்டி," என்றது சுகாசினியின் குரல். "நாளைக்கும் சீட்டு வேணுமில்ல?"

அனு ஷாலை மீண்டும் நாற்காலியில் போட்டாள். காற்றில் நழுவாமலிருக்க இறுக்கி ஒரு முடிச்சும் போட்டாள்.

காலடிகள் இறங்கின. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

இருட்டில், நாற்காலி ஆறவே இல்லை.