நூற்று எண்பத்து மூன்றாவது டம்ளர்

டம்ளரை வாயிலிருந்து எடுத்தார் ஐசக்.

சிரித்தார்.

"பாத்தீங்களா? பூச்சி மருந்து கலந்த தண்ணி. நம்ம நானோ ஃபில்டர்ல எறங்கி வந்ததும்... இளநி மாதிரி இருக்கு."

முப்பது பேர் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஐசக் மேஜை விளிம்பைப் பிடித்தார். பிறகு காற்றைப் பிடித்தார். அதற்குப் பிறகு பிடிக்க எதுவும் கிடைக்காமல் தரையில் சரிந்தார்.

பின் வரிசையில் ஒரு பெண் அலறினாள்...

2008 மே மாதம். சனிக்கிழமை. காலை பதினொரு மணி. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கும் 'அமிழ்தம் நானோ ஃபில்டர்' ஷோரூமில் அதுவரை யாரும் தண்ணீர் குடித்துச் செத்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் கோதண்டம் உள்ளே நுழைந்தபோது கரண்ட் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹால் முழுக்கப் பூச்சி மருந்து வாடை.

கான்ஸ்டபிள் குணா செல்போனை மூடிக்கொண்டே வந்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து சார். ஐசக் போற வழியிலயே போயிட்டாராம். வாயில பூச்சி மருந்து வாடை. மேஜை மேல இருக்கிற பாட்டில்ல என்ன மருந்தோ அதேதான்னு டாக்டர் சந்தேகப்படறாரு."

கோதண்டம் மேஜையைப் பார்த்தார். தரை வரை தொங்கும் நீல விரிப்பு. அதன்மேல் ஒரு மருந்து பாட்டில். பக்கத்தில் அடுக்கு டிபன் கேரியர் மாதிரி ஒரு ஃபில்டர்.

"இதுல என்ன நானோ?" என்று கேட்டார்.

சுவரோரம் நின்றிருந்த பெண் பதில் சொன்னாள். நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை. அழுது முடித்த கண்கள்.

"மேல் அடுக்குல தண்ணி ஊத்துவோம். நடுவுல மண் மாதிரி ஒரு பொடி. அது மேல வெள்ளித் துகள் ஒட்டியிருக்கும். தலைமுடியை ஆயிரம் துண்டா வகுந்தா எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு சின்னது. பூச்சி மருந்தை அது பிடிச்சு உடைச்சிடும். கீழ் அடுக்குல சுத்தமான தண்ணி இறங்கும்."

"நீங்க?"

"யூனிஸ். கெமிக்கல் இன்ஜினீயர். இதைக் கண்டுபிடிச்சது நான்தான்."

"அப்ப கொன்னதும் நீங்கதான்னு சொல்றாங்களே, வெளியில நிக்கிறவங்க."



"சார், அவங்களைப் போய்..." என்று ஒரு குரல் குறுக்கிட்டது. கழுத்தில் துண்டு போட்ட பருமனான மனிதர். "நான் ஆபேல். கடை என்னோடது. நாங்க மூணு பேரும் ஒரே சர்ச். இவங்க மூளை, நான் இடம், ஐசக் வாய். அவ்வளவுதான் சார் கம்பெனி. ஐசக்கை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான். உங்க ஜீப் பின்னாடியே இப்பத்தான் வந்தேன்."

"ஐசக் எப்படிப்பட்ட ஆளு?"

"சின்ன வயசுல சண்டே ஸ்கூல் பசங்களுக்கு மேஜிக் காட்டுவான் சார். பேச்சுக் கலை. ஞாயித்துக்கெழமை தவிர தினமும் பதினோரு மணிக்கு டெமோ. ஏழு மாசமா ஒரு நாள் தவறல." ஆபேல் துண்டால் கண்ணைத் துடைத்தார். "மேடத்தைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா முப்பது பேர் முன்னாடி ஃபில்டர் ஆளைக் கொன்னுடுச்சே சார்."

குணா ஒரு நீளமான நோட்டைக் கொண்டு வந்தான்.

"மேடம் பையில இருந்தது சார்."

கோதண்டம் புரட்டினார். தேதி வாரியாகக் கட்டங்கள். கடைசி வரியில் நேற்றைய தேதி. 'ஐசக். டெமோ 182. உடல்நிலை சீர்.'

"இது என்ன மேடம்?"

"பதிவு."

"எலிக்குத்தான இப்படி எழுதுவாங்க?"

"மனுஷங்களை வெச்சு டெஸ்ட் பண்ண அனுமதி கேட்டு ரெண்டு வருஷமா லெட்டர் எழுதறேன் சார். பதில் இல்ல. இந்த டெமோ வேண்டாம்னு எத்தனையோ தடவை சொன்னேன், ஐசக் அண்ணா கேக்கல. சரி, குடிக்கத்தான் போறாரு... அட்லீஸ்ட் எழுதி வெப்போமேன்னு..."



"சாவற வரைக்கும் எழுதலாம்னு இருந்தீங்க."

"பத்து மடங்கு மருந்து ஊத்தினாலும் தாங்கும் சார் இந்த ஃபில்டர். ஆறு வருஷம் இதுலயே கெடந்திருக்கேன்."

"கோர்ட்ல சொல்லுங்க. குணா, மேடத்தை வண்டியில ஏத்து. அதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு. தொண்டை காயுது."

குணா ஃபில்டரைப் பார்த்தான். ஒரு அடி தள்ளி நின்றான். மேஜைக்குப் பின்னால் போய் விரிப்பைத் தூக்கினான்.

"இங்க ஒரு கேன் இருக்கு சார்..."

"அது வேணாம் தம்பி." ஆபேல் வேகமாக வந்தார். "பழைய தண்ணி. பத்து நாளா கெடக்குது. சாருக்கு நான் பன்னீர் சோடா வரவழைக்கிறேன்."

சோடா வந்தது. கோதண்டம் குடித்தார். யூனிஸ் தன் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது.

இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மீன் வாடை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"இன்னாம்மா, இவ்ளோ போலீசு? ஐசக் சாருக்கு மயக்கம் தெளிஞ்சுதா?"

"யாரும்மா நீ?" என்றார் கோதண்டம்.

"பூவம்மா. பின்னாடி சந்துல மீன் விக்கிறேன். கோவளத்தாண்ட குப்பம்." ஃபில்டரின் கீழ்க் குழாயைத் திருகினாள். குடம் நிறையத் தொடங்கியது. "காத்தால புட்ச்சது பத்தல. வெயிலு கொளுத்துது."

"ஏய்... நிறுத்து. அந்தத் தண்ணியக் குடிச்சுதான் ஐசக் செத்துட்டாரு."

பூவம்மாள் குழாயை மூடினாள். முகம் மாறியது.

"செத்துட்டாரா?... அய்யோ பாவமே." குடத்தைத் தரையில் வைத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "இத்த குட்ச்சா செத்தாரு? இன்னா சார் சொல்றே? நான் குட்ச்சேனே."

"எப்ப?"

"இப்பத்தான். அவர ஆட்டோல தூக்கினு போனாங்கோ இல்ல, ஒடனே வந்து ஒரு கொடம் புட்ச்சேன். ரெண்டு சொம்பு குட்ச்சேன். மீதியில டீ போட்டு பக்கத்துக் கடைக்காரிக்கும் குட்த்தேன். ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கீறோம்."

யூனிஸ் வாசலில் நின்றுவிட்டாள்.

"டெமோ தண்ணியையா? எத்தனை நாளா?"

"ஏழு மாசமா, யம்மா. டெமோ முட்ஞ்சா சாக்கடைல ஊத்துவாரு ஐசக் சாரு. வீணாப் போறத எனக்குக் குடு சார்னு கேட்டேன். நல்ல ருசியா கீது. என் வூட்டுக்காரு வயித்துவலி கூட நின்னுபோச்சு."

"அதுல பூச்சி மருந்து ஊத்தறது உனக்குத் தெரியாதா?"

"அது மேல ஊத்தறாங்கோ. நான் கீழ புடிக்கிறேன். நீங்கதான எறங்குறப்போ சுத்தமாயிடும்னு போர்டு எழுதி வெச்சுக்கிறீங்கோ."

அந்த ஷோரூமில் அந்த போர்டை நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்று கோதண்டத்துக்குத் தோன்றியது.

"ஐசக் குடிச்சாரு, செத்தாரு. நீ குடிச்சே, நிக்கிறே. எப்படி?"

"அவரு எங்க சார் இத்த குட்ச்சாரு?" பூவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சந்துல குந்திக்கினா, பின்கதவு வழியா மேஜைக்குப் பின்னாடி அல்லாம் தெரியும். கொழாயில புட்ச்ச டம்ளர, தொடைக்கிற மாதிரி துணியப் போட்டு கீழ வெச்சிடுவாரு. கேன்ல புட்ச்சு வெச்ச டம்ளர மேல எடுப்பாரு. ஒரு நாளும் இந்தத் தண்ணி அவரு வாயில பட்டது இல்ல."

குணா குனிந்தான். விரிப்பைத் தூக்கினான்.

கேனுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணிக்கு அடியில், ஒரு டம்ளர். விளிம்பு வரை தண்ணீர்.

யாரும் அதைக் குடித்திருக்கவில்லை.

நானூறு வீடுகளுக்கு ஃபில்டர் விற்ற மனிதர், ஒரு வாய்கூட அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் பிழைத்திருப்பார்.

"பத்து நாள் பழைய கேன்... அப்படித்தான ஆபேல் சார்?" என்றார் கோதண்டம்.

"ஆமா சார். பழசுதான்."

"பழசா?" பூவம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னிக்குக் காத்தால நீதான சார் தோள்ல தூக்கினு வந்தே? கேனால என் கூடையத் தட்டிவுட்டியே. நாலு சங்கரா மீனு சாக்கடைல பூட்ச்சு. சாரின்னு ஒரு வார்த்த சொன்னியா?"

ஆபேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். இந்த முறை கண்ணை அல்ல.

"குணா, அந்த கேன்ல என்ன எழுதியிருக்கு?"

"பேரு இல்ல சார். 'திருநீர்மலை அடிவாரம், வீடு தேடி வரும்'னு போட்டு ஒரு செல் நம்பர்."

"அடி."

குணா எண்களை அழுத்தினான்.



ஆபேலின் சட்டைப் பையிலிருந்து ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையின் மெட்டு எழுந்தது. இரண்டு வரி பாடிவிட்டு நின்றது.

"சார், அது என் மச்சான் பிசினஸு. எப்பவாவது நான் போன் எடுப்பேன்..."

கோதண்டம் இரண்டு காலி டம்ளர்களை எடுத்தார். ஒன்றில் கேன் தண்ணீர். இன்னொன்றில் ஃபில்டர் தண்ணீர். இரண்டையும் ஆபேல் முன்னால் வைத்தார்.

"இந்தாங்க. ஒண்ணை எடுங்க."

"எதுக்கு சார்?"

"ஒண்ணு ஆளைக் கொன்ன ஃபில்டர். நீங்களே சொன்னீங்க. இன்னொண்ணு உங்க கேன். எதைக் குடிப்பீங்க?"

ஆபேல் கேன் டம்ளரைப் பார்த்தார். வியர்வை புருவத்தில் நின்றது. கை மெதுவாக நகர்ந்தது...

ஃபில்டர் டம்ளரைத் தொட்டது.

தொட்ட பிறகுதான் தான் செய்தது அவருக்குப் புரிந்தது.

"மேடம், பாத்துக்கங்க." கோதண்டம் இரண்டு டம்ளர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க ஃபில்டருக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் கிடைக்காது."

யூனிஸ் ஆபேல் பக்கம் திரும்பினாள்.

"ஏன் ஆபேல் அண்ணா? ஒரே பெஞ்சுல உக்காந்து ஜெபம் பண்ணினோமே."

ஆபேல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாம்பரத்துலேர்ந்து மேடவாக்கம் வரைக்கும் என் கேன்தான் ஓடிச்சு. நீ ஃபில்டர் கொண்டு வந்தே. சிட்லபாக்கத்துல பாதி வீடு கேனை நிறுத்திட்டான். வெளியில நின்னா ஒண்ணும் செய்ய முடியாதுன்னுதான் உள்ள வந்தேன். ஐசக் டம்ளரை மாத்தறது எனக்குத் தெரியும். டெமோவுல ஒருத்தன் விழுந்தா, அப்புறம் எவன் உன் ஃபில்டரை வாங்குவான்?"

"ஐசக்கை எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?" என்றார் கோதண்டம்.

"முப்பது வருஷம்."

குணா விலங்கை எடுத்தான்.

மூன்று வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. கேன் தண்ணீரில் பூச்சி மருந்து. ஃபில்டரின் மேல் அடுக்கிலும் பூச்சி மருந்து. கீழ் அடுக்கில்... எதுவும் இல்லை.

அறிக்கையின் நகல் வாங்க யூனிஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் கோதண்டம். அங்கேயே நின்று, பக்கம் பக்கமாக, ஐசக் என்ற பெயரை அடித்துவிட்டு 'பூவம்மாள்' என்று எழுதினாள். நூற்று எண்பத்து இரண்டு இடங்களில். நூற்று எண்பத்து மூன்றாவதைப் புதிதாக எழுதினாள். 'உடல்நிலை சீர். டீ போட்டும் குடித்தார்.'

"வியாபாரம் எப்படி மேடம்?"

"கியூ நிக்குது சார். 'போலீஸ் டெஸ்ட் பண்ண ஃபில்டர் இருக்கா'ன்னு கேக்கறாங்க." அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "உங்க வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பட்டுமா?"

கோதண்டம் மேஜைக்கடியில் இருந்த கேனைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"அனுப்புங்க மேடம். டெமோ மட்டும் வேணாம்."