பத்தரைக்கு விழுந்த கையெழுத்து

காலை 10.05: வஞ்சியூரில் நோட்டரி ராஜையனின் அலுவலகப் படிக்கட்டில், ராமசுப்ரமணியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

10.20: மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

10.30: அதே ராமசுப்ரமணியன் மாடியில் நோட்டரியின் முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

இந்த மூன்றாவது வரிதான் சப் இன்ஸ்பெக்டர் சுப்ரியாவை அலைக்கழித்தது. கையெழுத்து அசல் என்று நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ராமசுப்ரமணியனுக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் பத்திரம் அது. குடும்ப ஓய்வூதியத்துக்காக மனைவி சூடாமணி அதை ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுத்தபோது, அங்கிருந்த ஒருவர் பத்திரத்தில் இருந்த நேரத்தை இறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போலீஸுக்கு எழுதிவிட்டார். ராஜையனும் தன் முத்திரையை யாரோ களவாகப் போட்டிருப்பதாகப் புகார் கொடுத்தார். வழக்கு சூடாமணியின் தலையில் விழ இருந்தது.

ஸ்ரீவராகத்து வீட்டில் சூடாமணி எதையும் மறைக்கவில்லை. அன்று கீழே ஆட்டோவில் காத்திருந்ததாகவும், படியிலிருந்து அவரைத் தூக்கி வந்தபோதே உடம்பு சில்லிட்டிருந்ததாகவும் சொன்னாள். பத்திரம் பிற்பாடு தபாலில் வந்ததாம். அனுப்பியவர் பெயர் இல்லை.

"அவர் எதையும் பாதியில விடமாட்டார். மேல ஏறிப் போய் முடிச்சுட்டுத்தான் போயிருக்கார்னு நினைச்சுண்டேன்," என்றாள்.

அதில் பொய் இல்லை என்று சுப்ரியாவுக்குப் பட்டது.

நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் ஆர்யா, படிகளில் சுவரை ஒட்டியே ஏறினாள். ராமசுப்ரமணியன் விழுந்த படியை அவள் மிதிப்பதில்லை. அதற்கு முன் அவர் மூன்று முறை வந்ததைச் சொன்னாள்: முதலில் இனிஷியல் தப்பு, அடுத்து வீட்டுப் பெயர், பிறகு பிறந்த தேதி. எல்லாமே முதல் பக்கத்துத் தப்புகள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருநூறு ரூபாய். அவர் கையெழுத்திட்ட பழைய இரண்டாம் பக்கங்கள் இரும்பு அலமாரியில் கிடந்தன. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று இவளிடம், மற்றது ராஜையனிடம்.

அன்று அவர் விழுந்ததும் தண்ணீரோடு ஓடியவள் ஆர்யாதான். ராஜையன் நீதிமன்றத்திலிருந்து பதினொரு மணிக்குத்தான் வந்தார். அப்போதும் படியில் கூட்டம் கலையவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை வாசித்துக் காட்டுவதில்லையா என்று சுப்ரியா கேட்டாள்.

ஆர்யா குரலைத் தாழ்த்தி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "முன்னாடி வாசிப்பேன் மேடம். சார் வேண்டாம்னு பறஞ்சு. வாசிச்சா திருத்தம் வராதல்லே."

ராஜையன் நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"தெனமும் காலைல யாரோ ஏறுற சத்தம் கேக்குது மேடம். பாதியில நின்னுரும். கதவத் தொறந்தா ஆளில்ல. அவரே வந்து போட்ட கையெழுத்தா இருக்குமோன்னு கூட தோணுது."

சுப்ரியா நோட்டரியின் பதிவேட்டைப் புரட்டினாள். அந்தப் பெயருக்கு நான்கு வரிகள். நான்காவது வரி, பக்கத்தின் அடியில் நெருக்கிச் செருகப்பட்டிருந்தது. எழுத்து யாருடையது என்று சொல்ல முடியாதபடி கோணல். திருத்தக் கட்டணம் என்ற பத்தியில் விரல் வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"முத்திரைய யாரும் களவாப் போடல சார். போட்டது நீங்கதான்," என்றாள்.

ராஜையன் திரும்பவில்லை.

சூடாமணியும் ஆர்யாவும் அவர் பத்து மணிக்கே விழுந்ததை அறிந்தவர்கள், 10.30 என்று எழுத மாட்டார்கள். பதினொரு மணிக்கு வந்து கூட்டத்தைப் பார்த்து, சாவு இப்போதுதான் நடந்தது என்று நினைத்து, அதற்கு முந்தைய நேரமாகப் பத்தரையை எழுதக்கூடியவர் ஒருவர்தான். முதல் பக்கத்தைப் புதிதாக அடித்து, இறந்தவர் முன்பே கையெழுத்திட்ட பழைய பக்கத்தோடு சேர்த்தால் போதும். சுப்ரியா ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கள்ளக் கணக்கு எழுதுறவன் மேல உள்ள வரிகளப் பாத்து நாலாவதுலயும் இருநூறுன்னுதான் எழுதுவான். இங்க 'இல்லை'ன்னு இருக்கு. செத்தவர் பேர்ல மறுபடியும் இருநூறுன்னு எழுதக் கை வராத ஆளு, அந்தக் காச வாங்கின ஒருத்தர்தான் இருக்க முடியும்."

ராஜையன் ஒப்புக்கொண்டார். மூன்று தப்பையும் முன்பே பார்த்திருந்தாராம். பார்த்தும் முத்திரை வைத்தாராம். அந்த அம்மாவுக்காவது பென்ஷன் கிடைக்கட்டும் என்று பத்திரத்தை முடித்து அனுப்பினாராம். விசாரணை என்றதும் பயந்து புகார் கொடுத்தாராம்.

"அவங்க ஜெயிலுக்குப் போயிருப்பாங்க," என்றாள் சுப்ரியா.

"தெரியும்." பிறகு கேட்டார்: "இனி அந்தச் சத்தம் நின்னுருமா மேடம்?"

சுப்ரியா பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சூடாமணி ஸ்டேஷனுக்கு வந்தாள். பத்திரத்தை அனுப்பியது ராஜையன்தான் என்று சுப்ரியா சொன்னபோது, "அப்போ அவர் இல்லையா," என்று மட்டும் சொன்னாள். மலையாளத்தில் அடித்த அவளுடைய வாக்குமூலத்தை, நிதானமாக வாசித்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லி, சுப்ரியா அவளிடம் நீட்டினாள். சூடாமணி முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அவள் பெயரின் முதல் எழுத்து நெடிலுக்குப் பதில் குறிலாக இருந்தது.

அதன்மேல் விரலை வைத்தபடி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லக் கேட்டாள்:

"இதைத் திருத்தறதுக்கு எவ்வளவு ஆகும்?"