மணல்திட்டின் மறைவில் ஒரு நங்கூரம்

சக ஆண்டு ஆயிரத்துப் பத்தொன்பது, பங்குனித் திங்களில் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் மாலை, கோடிமுனைக் கோட்டையின் கழிமுகத்துக்குள் சிறு படகு ஒன்று வந்தது. அதில் இருவர் இருந்தனர்.

மேற்கே மதில்களுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிட்டிருந்தான். எஞ்சிய செவ்வொளி, கோட்டையின் அடியைத் தழுவி வளைந்து, தாழை அடர்ந்த மணல்திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு கடலை நாடி ஓடும் ஆற்றின்மேல் செம்பைக் காய்ச்சி ஊற்றியதுபோல் பரவிக் கிடந்தது. படகின் முனையில் நின்றவர், தம்மைச் சங்கு வணிகர் என்று கரைக்காவலரிடம் சொல்லியிருந்தார். வாசகர்களிடம் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பாகைக்குள் கூந்தலை ஒளித்திருந்த அவள், காலஞ்சென்ற கடற்படைத் தலைவர் மும்முடி அரையரின் மகள் இளங்கொற்றி. அவளுடைய அண்ணன் நம்பி அரையன் நான்கு மாதமாக அந்தக் கோட்டையில் சிறையிருந்தான். மறுநாள் விடியலில் அவன் தலையை வாங்கக் கோட்டைத் தலைவன் கச்சிராயன் ஆணையிட்டிருந்தான்.

இருள் கவிந்ததும் மனமிரங்கிய காவலன் ஒருவன் நீர்வாயிற் கதவைத் திறந்துவிடுவான். அண்ணன் ஆற்றோடு மிதந்து வருவான். நிலவு எழுமுன் கடலுக்குள் போய்விட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை நங்கூரமிட்ட படகு விடியும்வரை இடம் மாறக்கூடாது என்பது அத்துறையின் வழக்கம். ஆகவே இடத்தை இப்போதே சரியாகத் தேர்ந்தாக வேண்டும்.

“செட்டியாரே, கிணத்தடியிலயே போட்டுரலாமே. நல்ல தண்ணி, பக்கத்துலயே சோத்துக்கடை. அலையே இல்ல பாரும்,” என்றான் படகோட்டி ஒற்றியூரன். துறைக்குள் அவளைச் செட்டியாரே என்று அழைப்பதில் அவனுக்கு ஒரு குஷி.

இளங்கொற்றி ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் தேன்மெழுகைத் தடவி நீரில் இறக்கினாள். மேலே வந்தபோது மெழுகில் ஒன்றும் ஒட்டவில்லை. பள்ளம் மட்டும் விழுந்திருந்தது.

“அடியில் பாறை. நங்கூரம் இடுக்கில் மாட்டினால் எடுக்க முடியாது. மதில் கரைக்காற்றையும் மறைக்கிறது. இங்கே சுகமாகத் தூங்கலாம், புறப்பட முடியாது.”

நடு ஆற்றில் ஐந்து பெருங்கலங்கள் நின்றன. நீரோட்டத்தில் அவை திரும்பினால் சிறு படகு நசுங்கிவிடும். அவள் மணல்திட்டின் பின்புறம் படகை விடச் சொன்னாள். இம்முறை மெழுகில் கருஞ்சேறு அப்பிக்கொண்டு வந்தது. ஒரு துளியை எடுத்து நுனிநாவில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. ஆற்று வண்டலாயிருந்தால் நங்கூரம் இழுபடும். இது கடற்களி, பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விடும். கடலிலிருந்து கொண்டற்காற்று வீசினால் திட்டு மறைக்கும். கரைக்காற்று எழுந்தால் முகத்துவாரம் நேரே திறந்து கிடக்கும். ஆற்றோடு வருவது எதுவானாலும் இங்கேதான் ஒதுங்கும்.

“கருவாடு காயிற இடம், செட்டியாரே,” என்று ஒற்றியூரன் மூக்கைப் பொத்தினான்.

“போடு,” என்றாள்.

நங்கூரம் பிடித்துச் சிறிது நேரத்தில், ஓடம் ஒன்றைத் தானே துடுப்பிட்டுக்கொண்டு துறைத்தலைவன் விடங்கன் வந்தான். முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், அவசரமில்லாத கண்கள்.

“வணிகரே, வருகிறவர்கள் எல்லோரும் கிணற்றடியைத்தான் கேட்பார்கள். உமக்குக் கருவாட்டு வாசம் பிடிக்குமோ?”

“சங்கின் வாசத்துக்கு இது தாழ்வில்லை, ஐயா.”

“வழக்கத்தை உமக்காகத் தளர்த்துகிறேன். அங்கே வாரும்.”

“இங்கேயே இருக்க உத்தரவாக வேண்டும்.”

விடங்கன் அவளுடைய கைவிரலை நோக்கினான். சேறு இன்னும் காயவில்லை. “கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை நாவில் வைத்துப் பார்க்கிறவர் ஒருவரிடந்தான் நான் கடல் கற்றேன். அவர் இறந்து ஆறாண்டு ஆகிறது. அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. மகன் மேலே சிறையில் இருக்கிறார்.”

ஒற்றியூரனின் கை அரிவாளை நாடியது. இளங்கொற்றி அவனைப் பார்வையால் நிறுத்திவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினாள். கூந்தல் தோளில் சரிந்தது. பொய்யால் இனிப் பயனில்லை என்று அவள் கண்டுகொண்டாள்.

“நான் மும்முடி அரையர் மகள். அண்ணனை அழைத்துப்போக வந்தேன். அவன் இல்லாமல் இந்த நங்கூரத்தை எடுக்கமாட்டேன். தாங்கள் செய்வதைச் செய்யலாம்.”

விடங்கனின் பார்வை அவள் முகத்தில் தங்கி, பிறகு கோட்டையின்மேல் சென்றது.

“தேவி, நான் கச்சிராயர் சோறு உண்கிறவன். கண்டதைச் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று வாள்தொட்டு உறுதி செய்தவன்.”

“எப்போது சொல்வீர்?”

“மேலே போய்ச் சேர்ந்ததும். எதிர்நீரில் துடுப்பிட வேண்டும், தனி ஆள். இரண்டு நாழிகை ஆகும்.”

“இரண்டு நாழிகையா,” என்றான் ஒற்றியூரன். “துறைத்தலைவர்க்குக் கை சுளுக்கோ?”

“சற்று முன்தான் சுளுக்கிற்று,” என்று விடங்கன் ஓடத்தைத் திருப்பினான். “கடலில் தங்களைச் சந்தித்தால் துரத்துவேன், தேவி.”

“துரத்துங்கள். பிடித்தால் தங்களுக்கும் ஒரு நல்ல துறை காட்டுகிறேன்.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பொலி மிக மெல்ல அகன்றது.

ஒரு நாழிகைக்குப் பின், குளிரில் உதடு நீலம் பாய்ந்த ஒருவனைத் தாழைவேர்களுக்கிடையிலிருந்து இருவரும் படகில் தூக்கிப் போட்டனர். நங்கூரம் இரண்டாம் இழுப்பில் வந்தது. கரைக்காற்றில் பாய் விரிந்தது. நிலவு எழுந்தபோது படகு கடலில் இருந்தது.

விடங்கன் கண்டதை ஒன்றுவிடாமல் கச்சிராயனிடம் சொன்னான். காவற்படகுகள் புறப்பட்டுச் சென்று வெறுங்கையோடு திரும்பின. மறுநாள் உச்சிவேளையில் சிறு படகு மூவரோடு பெருந்தாழைத்துறையை அடைந்தது. மூன்றாம் நாள் விடங்கன் துறைத்தலைமையிலிருந்து நீக்கப்பட்டான்.